டோக்கியோவில் சாப்பிட: முதலில் பண்டம், அப்புறம் கடை

டோக்கியோவில் இறங்கியதும் செல்பேசியில் "பக்கத்தில் நல்ல ஜப்பானிய உணவகம்" என்று தேடினால் வந்து விழுபவை பெரும்பாலும் ரயில் நிலைய மாடிகளிலும் பெரிய ஓட்டல்களிலும் இருக்கும் கலவைக் கடைகள். சுஷி, தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), நூடுல்ஸ், சுட்ட மீன் எல்லாம் ஒரே பட்டியலில் படத்தோடு இருக்கும். பசி அடங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஊரின் பழைய சமையல் அப்படி வளர்ந்ததில்லை. சோபா என்னும் நூடுல்ஸ் போடுகிறவர் தலைமுறை தலைமுறையாக சோபாதான் போடுவார். விலாங்கு சுடும் கடையில் விலாங்கு வேண்டாமென்றால் ஊறுகாயைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே இன்றைக்கு என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கூட்டமாகப் போய் ஆளுக்கொன்று கேட்கும் நம் பழக்கம் இந்தக் கடைகளில் எடுபடாது.

அடுத்தது, எந்தப் பக்கம் போவது. ஷின்ஜுகுவும் ஷிபுயாவும் நேற்று வந்த பேட்டைகள். 1868 வரை இந்த ஊருக்கு எடோ என்று பெயர். அந்த எடோவின் வியாபாரமும் சனக்கூட்டமும் கிழக்கே நிஹோன்பாஷி, கண்டா, உவெனோ, அசகுசா பக்கம் இருந்தன. சுஷி, சோபா, தெம்புரா, விலாங்கு நான்கும் அங்கே தெருவோரக் கடைகளில் கூலியாட்கள் நின்றபடி விழுங்கிய சாப்பாடு. இன்று ஆளுக்கு 30,000 யென் வாங்கும் சுஷிக்கும் பூர்வீகம் அதுதான். 1923 பூகம்பத்திலும் 1945 குண்டுவீச்சிலும் அந்தப் பேட்டைகள் எரிந்து போயின. பெயரும் கைப்பக்குவமும் பிழைத்தன. கட்டடங்கள் பிழைத்த இடங்கள் சொற்பம்.

கண்டாவில் ஒரு தெருமுனை

அந்தச் சொற்பத்தில் ஒன்று கண்டாவின் சுதாச்சோ, அவாஜிச்சோ பகுதி. சுரங்க ரயிலில் அவாஜிச்சோ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. அகிஹபாராவின் மின்சாதனக் கடைகளிலிருந்தும் நடந்தே வந்துவிடலாம். பூகம்பத்துக்குப் பின் கட்டிய மரக் கட்டடங்கள் போரில் தப்பி இங்கே ஒரே வளைவில் நிற்கின்றன. மட்சுயா (சோபா, 1884), இசெகென் (ஆங்கோ என்னும் ஆழ்கடல் மீன் சட்டி, 1830), போத்தான் (கரி அடுப்பில் கோழி), தகெமுரா (இனிப்பு, 1930). இரண்டடி தள்ளி கண்டா யாபு சோபா (1880). யாபு சோபாவின் பழைய கட்டடம் 2013 பிப்ரவரியில் தீப்பிடித்துப் போனது. 2014-இல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். டோக்கியோவில் ஒரே ஒரு அரைநாள்தான் கையில் இருக்கிறது என்றால் அதை இந்தத் தெருமுனைக்குக் கொடுங்கள்.

சோபாவிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. சோபா என்பது பக்வீட் மாவு நூடுல்ஸ். பெயரில் வீட் இருந்தாலும் கோதுமைக்கு உறவில்லை. அந்த மாவுக்குப் பிசின் கிடையாது. தனியே பிசைந்து தேய்த்தால் இழை பொடிந்து போகும். அதனால் 8 பங்கு பக்வீட்டுக்கு 2 பங்கு கோதுமை சேர்ப்பது எடோ வழக்கம். இதற்கு நிஹாச்சி என்று பெயர். கலப்பே இல்லாத ஜுவரியைப் பலர் உயர்ந்தது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். வாசனை அதில் கூடுதல், உண்மைதான். ஆனால் தொண்டையில் வழுக்கி இறங்கும் சுகம் நிஹாச்சியில்தான். முதல் தடவைக்கு அதுவே போதும்.

டோக்கியோ சோபாவில் மூன்று பரம்பரைகள். யாபு கடைகளில் தொட்டுக்கொள்ளும் சாறு, அதாவது ட்சுயு, அடர்த்தியாகவும் கரிப்பாகவும் இருக்கும். சராஷினாக்காரர்கள் தானியத்தின் நடுப்பகுதியை மட்டும் அரைத்து வெள்ளை வெளேரென்று போடுவார்கள். 1789-இல் தொடங்கிய சராஷினா ஹோரிஇ அஸபு-ஜூபானில் இருக்கிறது. சுனபா ஒசாகாவிலிருந்து வந்த பெயர். தோரனோமோனிலும் நிஹோன்பாஷி முரோமாச்சியிலும் உள்ள சுனபா கடைகள் பழையவை.

பட்டியலில் 'செய்ரோ' அல்லது 'மோரி' என்றிருப்பது ஆறவைத்த சோபா, மூங்கில் தட்டில் வரும். 'காகெ' என்றால் சூடான சாற்றில் மிதப்பது. சோபாவை அறிய வேண்டுமென்றால் செய்ரோ. முதலில் இரண்டு இழையை எதிலும் தொடாமல் வாயில் போட்டுப் பாருங்கள். பிறகு ட்சுயுவை நாக்கில் வைத்துப் பாருங்கள். அது கரித்தால் இழைகளின் கீழ் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நனையுங்கள். மென்மையாக இருந்தால் முழுக்க முக்கலாம். வசாபி என்னும் பச்சைக் கார விழுதைச் சாற்றில் கரைக்காமல் நூடுல்ஸ் மேலேயே துளி வைத்துக்கொள்ளுங்கள். கரைத்தால் சாறும் கெடும், வசாபியும் வீணாகும். சத்தம் போட்டு உறிஞ்சுவது அநாகரிகமில்லை. காற்றோடு உள்ளே போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ட்சுயுவை எடுத்து மூங்கில் தட்டின் மேல் குழம்பு ஊற்றுவது போல் ஊற்றிவிடுவது. தட்டு சல்லடை, சாறு அடியில் வழிந்து மேசைக்கும் மடிக்கும் வந்துவிடும். இன்னொன்று, ட்சுயுவை முழுக்கக் காலி செய்வது. அதைக் கால்வாசியாவது மிச்சம் வையுங்கள். முடிக்கும் நேரத்தில் அரக்குப் பூசிய சதுரக் கெண்டியில் சோபா-யு வரும். அது சோபா வெந்த நீர், சோறு வடித்த கஞ்சி மாதிரி கலங்கலாக இருக்கும். அதை மிச்ச ட்சுயுவில் ஊற்றி, உப்பு மட்டுப்பட்டதும் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் குடிப்பார்கள். கஞ்சித் தண்ணீரின் அருமை தெரிந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு செய்ரோவின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய கடைகளில் அது பத்து வாய்க்கு மேல் தேறாது. சிற்றுண்டியாக இருந்த காலத்து அளவு அது. உள்ளூர்க்காரர்களும் "மோ இச்சி-மாய்" என்று இரண்டாவது தட்டு கேட்பதுண்டு. தட்டுக்கு 1,000 யென் சுற்றில் ஆகும். யாபு சோபாவில் நீங்கள் சொன்னது கல்லாவில் இருக்கும் பெண்மணி வாயால் அடுப்படிக்குப் பாட்டாகப் போகும். இழுத்து இழுத்துப் பாடுவார். அதைக் கேட்பதற்கென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள். பக்வீட் ஒவ்வாமை சிலருக்கு உயிரையே உலுக்கும் அளவுக்கு வரும். இதுவரை சாப்பிட்டதே இல்லை என்றால் குழந்தைகளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். உடோன் என்னும் கோதுமை நூடுல்ஸ் வேகும் அதே பானையில் சோபாவும் வெந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோபா முடித்துவிட்டுத் தகெமுராவுக்கு நடந்துவிடுங்கள். உட்கார்ந்ததும் உப்பில் ஊறிய செர்ரிப் பூ மிதக்கும் வெந்நீர் தருவார்கள். அகெமஞ்ஜு கேளுங்கள்: சிவப்புப் பயறு பூரணத்தை மாவில் பொதிந்து எள் எண்ணெயில் பொரித்தது, இரண்டு இரண்டாக வரும். நம் சுழியனின் தூரத்து உறவு. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இசெகென் குளிர்காலக் கடை. ஆங்கோ மீனின் தோல், ஈரல், செவுள் என்று ஒன்றையும் விடாமல் சட்டியில் போடுகிறார்கள். ஈரல் கொழுப்பு ஏறும் டிசம்பர், ஜனவரியில் போனால்தான் பொருள் உண்டு.

எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி

ஜப்பானியச் சமையலில் நம் புளிக்கரைசல் இருக்கும் இடத்தில் தாஷி இருக்கிறது. கொம்பு என்னும் கடற்பாசியும் கட்சுவோபுஷியும் போட்டு எடுக்கும் தெளிந்த சாறு. கட்சுவோபுஷி என்ன என்று தூத்துக்குடிக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் விளக்க வேண்டாம்: மாசி. அதே சூரை மீன், அதே போல் அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த கட்டை. ஜப்பானில் அதற்கு மேல் ஒரு படி போய்ப் பூஞ்சணம் ஏற்றி, வெயிலில் வைத்து, மறுபடி ஏற்றி, மாதக்கணக்கில் ஈரத்தை உறிஞ்ச விடுகிறார்கள். இரண்டு துண்டைத் தட்டினால் மரக்கட்டை போல் ஒலி வரும். அதை இழைப்புளி மாதிரியான பெட்டியில் சீவி எடுப்பார்கள்.

நிஹோன்பாஷியில் 1699-இல் தொடங்கிய நின்பென் என்ற கட்சுவோபுஷிக் கடை, கொரெடோ முரோமாச்சி கட்டடத்தில் தாஷியைத் தேநீர் போல் கோப்பையில் விற்கிறது. நூறு யென் சொச்சம். ஊருக்குப் போன முதல் நாளே இதைக் குடித்துவிடுவது நல்லது. இந்த மணம் நாக்கில் பதிந்துவிட்டால், பிறகு எந்தக் கடையின் சாறு அசல், எது பொடியைக் கரைத்தது என்று தானாகத் தெரியும். சோபா கடைக்காரர்கள் இதையே தடித்த சீவலாக எடுத்து அரைமணிக்கு மேல் கொதிக்கவிட்டு, ஏற்கெனவே சோயா சாறும் சர்க்கரையும் மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவும் சேர்த்து நாள்கணக்கில் ஊறவைத்த காயெஷியோடு கலக்கிறார்கள். கியோட்டோவின் மெல்லிய சாறும் டோக்கியோவின் கறுத்த சாறும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பது இங்கே புரியும்.

சைவர்களுக்கு இந்த இடம்தான் சிக்கல். கறியும் மீனும் இல்லாத தட்டில்கூட தாஷி இருக்கும்: மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில், வேகவைத்த கீரையில், தோஃபுவின் மேல் ஊற்றிய சாறில், முட்டைச் சுருளில். "பெஜிதாரியன் தேசு" என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டு அதே சாறைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, சாறு மீன் கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது: "நிக்கு மோ சகனா மோ, கட்சுவோ தாஷி மோ தாபெராரெமாசென்." கறியும் மீனும் மாசிச்சாறும்கூட சாப்பிட முடியாது என்று பொருள். இதைச் சொன்னதும் பரிமாறுகிறவர் முகத்தில் ஒரு கவலை படரும். அப்போதுதான் உங்களுக்கும் அவருக்கும் ஒரே விஷயம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கையிருப்பில் வைத்துக்கொள்ளச் சில வழிகள். சுஷிக் கடையில் கப்பா-மாகி (வெள்ளரி), நத்தோ-மாகி (புளிக்கவைத்த சோயா, சாறில்லாமல் கேளுங்கள்). இனாரி-சுஷி (பொரித்த தோஃபுப் பைக்குள் சோறு) பார்க்கச் சைவம் போல் இருக்கும், ஆனால் அந்தத் தோஃபுப் பையைப் பெரும்பாலும் தாஷியில்தான் வேகவைக்கிறார்கள். தெம்புராக் கடையில் காய்கறி மட்டும் வாங்கி, தொட்டுக்கொள்ளும் சாறுக்குப் பதில் "ஷியோ தே" என்று உப்பு கேட்கலாம். எண்ணெய் மீனுக்கும் அதுவே, மாவில் முட்டையும் உண்டு, அது பரவாயில்லை என்பவர்களுக்கு மட்டும். சோபாக் கடையில் உப்பு தொட்டுச் சாப்பிடுவதைப் பல இடங்களில் அனுமதிப்பார்கள். சில பழைய கடைகளில் யாகி-நோரி என்று ஒன்று உண்டு: சிறு மரப்பெட்டியின் அடியில் ஒரு கங்கு, மேல்தட்டில் கடற்பாசித் தாள்கள், கடைசித் தாள் வரை மொறுமொறுப்புக் குறையாமல் இருக்கும். தோஃபுக் கடை என்ற பெயரை மட்டும் நம்பிப் போய்விடாதீர்கள். தோஃபுவும் மீன் சாறும் அங்கே பிரியாத ஜோடி.

முழுச் சைவம் வேண்டுமென்றால் ஷோஜின் ர்யோரி, அதாவது பௌத்த மடத்துச் சமையல். கொம்புவும் உலர்ந்த ஷீதாகே காளானும்தான் இதில் தாஷி. பூண்டு, வெங்காய வகைகளும் விலக்கு என்பதால் நம்மூரில் அவற்றைத் தொடாதவர்களுக்கு உலகத்திலேயே இதைவிடப் பொருத்தமான உணவகம் கிடைப்பது அரிது. அதாகோவில் உள்ள தாய்கோ இதில் பேர்போனது. மதியச் சாப்பாடே 10,000 யென்னைத் தாண்டும். உவெனோவுக்கு வடக்கே இரியா நிலையத்துக்கு அருகில் உள்ள போன், ஃபுச்சா ர்யோரி என்ற கிளையைச் சேர்ந்தது. 1654-இல் சீனாவிலிருந்து வந்த இங்கென் என்ற துறவியின் மரபு அது. பெரிய தட்டில் வைத்துப் பகிர்ந்து உண்பது வழக்கம். மசித்த தோஃபுவைக் கடற்பாசித் தாளில் பரப்பிப் பொரித்து விலாங்கு போலவே தோற்றம் கொடுப்பது போன்ற வேடிக்கைகளும் உண்டு. இரண்டுக்கும் முன்பதிவு கட்டாயம், அப்போதே கட்சுவோ தாஷியும் ஆகாது என்று எழுதிவிடுங்கள். நவீனச் சமையல்காரர்கள் சிலர் ஷோஜின் என்ற பெயரிலேயே அதைச் சேர்ப்பதுண்டு. ஒருநாள் ஒதுக்க முடிந்தால் ஷின்ஜுகுவிலிருந்து கெய்ஓ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் தகாவோ மலை. அங்கே யாகுஓ-இன் கோயிலில், முன்பே சொல்லிவைத்தால், மதியம் மடத்துச் சாப்பாடு போடுவார்கள்.

இஸ்லாமியர்களுக்கு ஒரு சொல்: மிரினும் அரிசி மதுவும் ட்சுயுவிலும் விலாங்குச் சாற்றிலும் இருக்கும். எடுத்துவிட்டுச் செய்யச் சொல்ல முடியாது, ஏனென்றால் சாறு முன்பே காய்ச்சி வைத்தது.

அசகுசாவில் அயிரை

மதுரைக்காரர்கள் அசகுசாவில் கொமகதா தோஜோவை விடக்கூடாது. 1801-இலிருந்து இங்கே போடுவது தோஜோ, நம் அயிரையின் இனம். மதுரைப் பக்கம் அயிரையை உயிரோடு பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு அழுக்கைக் கக்கவைப்போம். இங்கே அரிசி மதுவில் விடுகிறார்கள். எலும்பு வாயில் தட்டாத அளவுக்கு மிசோவில் வேகவைத்து, உள்ளங்கை ஆழம்கூட இல்லாத இரும்புச் சட்டியில் முழு மீனாக அடுக்கி, கரி அடுப்போடு முன்னால் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் மரப்பெட்டி நிறைய நறுக்கிய நெகி, அதாவது தாள்வெங்காயம்.

செய்ய வேண்டியது இதுதான். மீன் கண்ணில் படாத அளவுக்கு நெகியைக் குவியுங்கள். அது வாடித் தணிந்ததும் மீனோடு சேர்த்து எடுத்து, ஏழு வகைப் பொடி கலந்த ஷிச்சிமி தூவிச் சாப்பிடுங்கள். சட்டி ஆழமில்லாததால் சாறு சீக்கிரம் வற்றும். தனிக் குவளையில் சாறு இருக்கும், அவ்வப்போது ஊற்றாவிட்டால் மீன் அடிப்பிடிக்கும். முழு மீன் சங்கடம் என்றால் எலும்பெடுத்த 'சாகி' சட்டி கேட்கலாம். பிரம்புப்பாய்த் தரையில், நீளப் பலகைக்கு இருபுறமும் சப்பணமிட்டு உட்கார வேண்டும்; முழங்கால் வலிக்காரர்களுக்கு மேசை நாற்காலிப் பகுதியும் உண்டு.

தெம்புராவுக்கு இரண்டு முகம். ஒன்று தென்தோன், சோற்றின் மேல் வைத்துத் தருவது. அசகுசா பாணித் தென்தோன் வறுத்த எள்ளின் எண்ணெயில் பொரித்து, கறுத்த இனிப்புச் சாற்றில் முக்கி எடுத்தது. மொறுமொறுப்பை எதிர்பார்த்துப் போகிறவர் 'நமத்துப் போச்சே' என்று முகம் சுளிப்பார். நமத்துப் போகவில்லை, அப்படித்தான் செய்கிறார்கள். சோறும் சாறும் மாவும் ஒன்றாகக் கலப்பதுதான் அதன் ருசி, தயிர்வடையில் மொறுமொறுப்பு தேடாததைப் போல. மினோவா பக்கம் 1889-இல் தொடங்கிய தோதெ நோ இசெயாவில் இ, ரோ, ஹா என்று மூன்று அளவு. நம் அ, ஆ, இ மாதிரி பழைய எழுத்து வரிசை அது. 'இ' சிறியது, 'ஹா' பெரியது. முதல் தடவை 'ரோ' கேளுங்கள்.

மற்றது, சமையல்காரர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சாப்பிடுவது. இதற்குத்தான் மொறுமொறுப்பு. மாவைக் குளிர்ந்த நீரில், கட்டிகள் மிச்சமிருக்கும்படி அரைகுறையாகத்தான் கலக்குவார்கள். நன்றாக அடித்தால் பசை எழும்பிப் போர்வை தடித்துவிடும். தட்டில் விழுந்த ஒரு நிமிடத்துக்குள் வாய்க்குப் போக வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் சமையல்காரர் அடுத்ததைப் போடாமல் காத்திருப்பார், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஷின்ஜுகுவில் 1924-இலிருந்து இருக்கும் ட்சுனஹாச்சியின் மதியச் சாப்பாடு பழக நல்ல இடம். மேசை கொடுத்தால் கொஞ்சம் காத்திருந்தாவது சமையல்காரர் முன்னால் உள்ள பலகையில் இடம் கேளுங்கள்.

விலாங்கு அவசரத்துக்கு ஆகாது

உனாகி, அதாவது விலாங்கு, டோக்கியோவில் முதுகுப் பக்கமாகக் கீறி, குச்சி கோத்து, வெறுமனே சுட்டு, ஆவியில் வைத்து, அப்புறம் சாறில் முக்கி முக்கி மறுபடி சுடுவது. ஒசாகா பக்கம் வயிற்றுப் பக்கம் கீறி, ஆவியில் வைக்காமல் நேராகச் சுடுவார்கள். அதனால் டோக்கியோ விலாங்கு பஞ்சு, ஒசாகா விலாங்கு முறுகல். குச்சி கோக்க மூன்று வருடம், கீற எட்டு வருடம், சுட வாழ்நாள் முழுதும் என்று அந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. நல்ல கடையில் நீங்கள் சொன்ன பிறகுதான் சுடத் தொடங்குவார்கள். 30, 40 நிமிடம் ஆகும். 10 நிமிடத்தில் வந்துவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பட்டியலில் மட்சு, தாகெ, உமெ (தேவதாரு, மூங்கில், பிளம்) என்று மூன்று விலை இருக்கும். தரம் மூன்று என்று நினைத்து மேலானதை வாங்குகிறார்கள். பெரும்பாலான கடைகளில் மீன் ஒன்றுதான், அளவுதான் வேறு. அரக்குப் பெட்டியில் சோற்றின் மேல் வரும் உனா-ஜூ 4,000 முதல் 6,000 யென் வரை ஆகும். மூடியைத் திறந்ததும் முதல் வாயை எதுவும் போடாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு சான்ஷோ பொடியைத் தூவுங்கள். நாக்கு லேசாக மரத்துப்போகும். மிளகின் காரம் இல்லை அது, விலாங்கின் கொழுப்பை வெட்டுவதற்கு. சோயா சாறு கேட்காதீர்கள், சாறு ஏற்கெனவே சோற்றில் இறங்கியிருக்கிறது.

உவெனோவில் ஷினோபஸு குளத்தைப் பார்த்தபடி உள்ள இஸுயெய் குடும்பத்தோடு போகத் தோது. டோக்கியோ கோபுரத்துக்கு அருகில் நோதாஇவா பழைய பேர். மினாமி-செஞ்ஜுவில் ஓபனாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும், கடை திறக்கும் முன்பே. ஜூலைக் கடைசியில் வரும் 'தோயோ நோ உஷி நோ ஹி' அன்று நாடே விலாங்கு தின்னும். அன்றைக்கு மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் கைவேலை குறையும். ஜப்பானிய விலாங்கு அழியும் நிலையில் உள்ள இனமாக 2014-இலேயே பட்டியலில் ஏறிவிட்டது என்பதால், வாரத்துக்கு மூன்று முறை சாப்பிடும் பண்டமாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

சுஷி பற்றி ஏற்கெனவே எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஒன்று மட்டும்: எடோ சுஷி என்றால் பச்சை மீன் என்று மட்டும் இல்லை. குளிர்பெட்டி இல்லாத காலத்து வேலை அது. கொஹாதா மீனை உப்பிலும் வினிகரிலும் ஊறவைப்பது, சூரையைச் சோயாவில் ஊறவைப்பது, கடல் விலாங்கை வேகவைத்துச் சாறு தடவுவது எல்லாம் கெடாமல் காக்கக் கண்டுபிடித்த வித்தைகள். இந்த வேலையைப் பார்க்க அசகுசாவில் 1866-இல் தொடங்கிய பெந்தென்யாமா மியாகோ சுஷி சரியான இடம். கடையை எடைபோட ஒரே ஒரு துண்டு போதும் என்றால் கொஹாதாவைக் கேளுங்கள். புளிப்பும் உப்பும் மீனின் எண்ணெயும் மூன்றும் தெரிந்தால் தேர்ந்த கை. நிஹோன்பாஷி யோஷினோ சுஷியில்தான் சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதிக்கு 'தோரோ' என்ற பெயர் பிறந்தது என்பார்கள். அதற்கு முன் அதைத் தூக்கி எறிந்தவர்களே அதிகம். ட்சுகிஜியில் ஏலச்சந்தை இல்லை, 2018 அக்டோபரில் தொயோசுவுக்குப் போய்விட்டது. ட்சுகிஜியில் இருப்பது வெளிச்சந்தைக் கடைகள் மட்டும். இரண்டு இடமும் ஞாயிற்றுக்கிழமையும் பல புதன்கிழமைகளும் தூங்கும்.

நேரம், காசு, கை

மதியம்தான் ஏழைக்கு ஏற்ற நேரம். இரவில் 15,000 வாங்கும் கடை மதியம் 3,000, 4,000-க்குத் தன் வேலையைக் காட்டும். ஆனால் 11:30-க்குத் திறந்து 2 மணிக்கு மூடிவிடுவார்கள். கடைசி ஆர்டர் 1:30. மூன்று மணிக்குப் பசித்தால் இடைவெளியில்லாமல் திறந்திருக்கும் பழைய சோபாக் கடைகளே கதி. வாரவிடுமுறையைத் 'தெய்கியூபி' என்பார்கள். கண்டா, நிஹோன்பாஷி அலுவலகப் பேட்டை என்பதால் ஞாயிறு மூடும் கடைகள் அங்கே ஏராளம். ஞாயிறன்று அசகுசாவை வைத்துக்கொள்ளுங்கள்.

தபெலோகு என்னும் ஜப்பானிய உணவக மதிப்பீட்டுத் தளத்தில் மதிப்பெண் பார்க்கும்போது நம்மூர்க் கணக்கு போடாதீர்கள். ஜப்பானியர் நன்றாக இருந்தாலே 3 தான் கொடுப்பார்கள், 3.5-க்கு மேல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வேறு தளத்தில் 4.6 என்றிருக்கும் கடை வெளிநாட்டுப் பயணிகள் மட்டும் போகும் இடமாக இருக்கலாம். கைக்காசு 10,000 யென்னாவது வைத்திருங்கள், சிறு கடைகளில் அட்டை செல்லாது. டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து கொடுப்பார்கள். இஸகாயாவில், அதாவது மதுவோடு சிறு பண்டங்கள் தரும் கடையில், கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் வரும், அதன் பெயர் ஒதோஷி. 300 முதல் 500 யென் வரை ரசீதில் ஏறும். அது உட்காரும் கட்டணம், சண்டை போட வேண்டாம். வரியில்லாத விலையைப் பெரிதாகவும் வரியோடு உள்ளதைப் பொடியாகவும் போடுவது வழக்கம். உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம், வாங்கிக்கொண்டு போனால் 8.

சோற்றுக் கிண்ணத்தை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்தை மேசையிலேயே விட்டுத் தலையைக் குனிந்து சாப்பிடுவதுதான் அங்கே மரியாதைக் குறைவு. இடது கை என்று நமக்கு ஒரு தயக்கம் வரும், வேண்டாம்.

கிழக்குப் பக்கம் போனதற்குக் கடைசியாக ஒன்று: கமெய்தோ தென்ஜின் கோயில் வாசலில் 1805-இலிருந்து இருக்கும் ஃபுனபாஷியாவின் குஸுமோச்சி. கோதுமை மாச்சத்தை 450 நாள் புளிக்கவைத்து, அலசி, ஆவியில் வேகவைத்து முக்கோணமாக வெட்டியது. மேலே வறுத்த சோயா மாவு. பொட்டுக்கடலை மாவின் வாசனை அடிக்கும். அதற்கு மேல் கருஞ்சர்க்கரைப் பாகு. கண்ணை மூடினால் கருப்பட்டி. தாஷி, மீன், முட்டை எதுவும் இல்லாததால் சைவர்களும் யோசிக்காமல் சாப்பிடலாம். ஏறக்குறைய ஒன்றேகால் வருடம் எடுத்துச் செய்த பண்டம் இரண்டு நாளில் கெட்டுவிடும், குளிர்பெட்டியில் வைத்தால் கல்லாகிவிடும். ஊருக்கு வாங்கிப் போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.